பாம்பனிலிருந்து தம்பிக்கு

பாம்பன்
14.9.2025

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே அனைவரும் நலம். போனில் பேசாமல் கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் வாயைத் திறப்பதற்குள் நீ "சரி அம்மா, வைக்கிறேன் அம்மா" என்கிறாய். கடிதத்தை அப்படிப் பாதியில் வைத்துவிட முடியாது பார். ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் கடைக்கு ஆள் வராது. கல்லாவில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

நாம் இருவரும் தினம் ஒரு படம் எடுத்து ஆல்பத்தில் போடுகிறோமே, அதில் கருவாட்டுப் படம் ஒருவழியாகக் கைக்கு வந்துவிட்டது. மீன் காயவைக்கும் வாடியில் நெத்திலி பரப்பியிருந்தார்கள். உச்சி வெயில், கண் கூசும் வெள்ளை. எடுத்துப் பார்த்தால் அடுப்புச் சாம்பலை அள்ளிக் கொட்டியது மாதிரி இருந்தது. எதைக் கண்டாலும் நடுத்தரமான சாம்பல் நிறம் என்றே கேமரா கணக்குப் போடும், வெள்ளை அதிகமானால் வெளிச்சத்தைத் தானாகக் குறைத்துவிடும், நாம்தான் பிளஸ் பக்கம் தள்ள வேண்டும் என்று ஜனவரியிலேயே நீ சொன்னாய். அப்போது என் மண்டையில் ஏறவில்லை. பிளஸ் ஒன்றுக்குத் தள்ளி எடுத்தேன். ஒவ்வொரு நெத்திலியின் விலாவிலும் ஓடும் வெள்ளிக் கோடு தெரிந்தது. ஒரு மீனின் கண்ணில் எறும்பு இருந்ததுகூடத் தெரிந்தது. நீ அந்தப் படத்துக்கு ஒரு கட்டைவிரல் மட்டும் போட்டாய். முன்பெல்லாம் நாலு வரி திட்டுவாய்.

கேமராவை ஸ்டீல் டப்பாவில்தான் வைக்கிறேன். என்ஜின் உதிரிபாகப் பெட்டிகளில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை எல்லாம் சேர்த்து அதற்குள் போடுகிறேன். பூஞ்சை பிடித்தால் லென்ஸ் போய்விடும் என்று நீ பயமுறுத்தியதிலிருந்து, அப்பாவும் அந்தப் பொட்டலங்களைத் தூக்கி எறிவதில்லை. தென்மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்று இன்னும் அடங்கவில்லை. தென்கடல் பக்கம் போனால் ஐந்து நிமிடத்தில் லென்ஸில் உப்பு படிந்துவிடுகிறது. முதலில் ஊதிவிட்டுத்தான் துடைக்கிறேன், துணியைப் போட்டுத் தேய்ப்பதில்லை. நீயும் அப்படியே செய். பெங்களூரில் உப்பு ஏது என்று சொல்லாதே, தூசி இருக்கிறது.

பாலத்துப் படம் உனக்கு நினைவிருக்கும். ஏப்ரல் 6-ஆம் தேதி பிரதமர் வந்து புதுப் பாலத்தைத் திறந்த அன்று போலீஸ் கெடுபிடியில் கரைப் பக்கமே போக முடியவில்லை. கடை வாசலில் நின்று கூட்டத்தின் முதுகைத்தான் எடுத்தேன். பிறகு ஒருநாள் நடுப்பாலம் மேலே ஏறும்போது சரியாக அகப்பட்டது. 72.5 மீட்டர் நீளத் துண்டு, 17 மீட்டர் உயரத்துக்கு அப்படியே நிமிராமல் சாயாமல் ஏறுகிறது. பக்கத்தில் 1914-இல் திறந்த பழைய பாலம். அதை ஆட்கள் கையால் சுற்றித்தானே தூக்குவார்கள், சின்னப் பிள்ளையில் நீ அதைப் பார்ப்பதற்காகவே சாப்பிடாமல் அடம் பிடிப்பாய். இரண்டு பாலமும் ஒரே படத்தில் வர வேண்டும் என்று சாலைப் பாலத்தில் காற்றுக்குப் பிடித்துக்கொண்டு நின்று எடுத்து அனுப்பினேன். "அம்மா, கடல் இடது பக்கம் ஊற்றுகிறது, பாத்திரம் வைக்கவா" என்று போன் செய்து சிரித்தாய். உன் சிரிப்புக்குப் பின்னால் இன்னொரு சிரிப்புச் சத்தமும் கேட்டது. அன்றிலிருந்து திரையில் கட்டம் போட்டுக்கொண்டு, அடிவானத்தை அதில் பொருத்திப் பார்த்துவிட்டுத்தான் எடுக்கிறேன். கடற்கரையில் இருப்பவளுக்கு இதுதான் பெரிய தலைவலி. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு நேர்கோடு குறுக்கே நிற்கிறது.

பூநாரைக் கதை வேறு. தனுஷ்கோடிப் பக்கம் பிப்ரவரியில் வந்து இறங்கியிருந்தன. உன் 18-55 லென்ஸில் அவை வெள்ளைப் புள்ளிகள், அவ்வளவுதான். கிட்டப் போனால் பறந்துவிடும், போகாவிட்டால் புள்ளி. ஜூன் மாதம் அரசாங்கம் அந்த இடத்தைப் பூநாரைச் சரணாலயமாக அறிவித்துவிட்டது. இனி என்னை அங்கே கிட்டவும் விடமாட்டார்கள். பெரிய லென்ஸ் வாங்கித் தருகிறேன் என்று சொல்லாதே. செலவு செய்கிற நேரமா இது என்பது எனக்குத் தெரியாது, உனக்குத்தான் தெரியும்.

உன் படங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஜனவரி, பிப்ரவரியில் நீ போட்டவற்றை எத்தனை பேரிடம் காட்டியிருக்கிறேன் தெரியுமா? கே.ஆர். மார்க்கெட்டில் விடியற்காலையில் செவ்வந்திக் குவியலுக்கு நடுவில் கொட்டாவி விடும் பூக்காரர் படத்தை அக்கா தன் போன் முகப்பில் வைத்திருக்கிறாள். மெட்ரோவில் தூங்கும் பையன், மழையில் பஸ்ஸுக்கு ஓடும் அம்மாள், எதிர்வீட்டுப் பெரியவர். எல்லாம் ஆட்கள். வலைக்குக் கட்டும் ஈயக்குண்டு வாங்கக் கடைக்கு வருகிறவர்களையும் நிறுத்தி வைத்துக் காட்டுவேன், "இது என் மகன் எடுத்தது." அவர்கள் கடன் சொல்ல வந்தவர்கள், பார்க்காமல் என்ன செய்வார்கள்.

ஜூலைக்குப் பிறகு உன் படத்தில் ஆளே இல்லை. ஜன்னல். எதிர்க்கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டிகள். மேசை மேல் ஒரு டம்ளர். மறுபடி ஜன்னல். நான் குறை சொல்லவில்லை. ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும், அதில் எதை வைத்தாலும் நன்றாக வரும் என்று எனக்கே நீ சொல்லிக்கொடுத்தாய். ஆனால் தினமும் அதேயா? வெளியே போ தம்பி. ஆளை எடு.

இன்னொன்று. பால்கனிப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கொடியில் உன் சட்டைகள் மட்டும் காய்கின்றன. தனித்தனியாகத் துவைக்கிறீர்களோ என்னவோ, இப்போதெல்லாம் அப்படித்தான் போலிருக்கிறது. மூலையில் கற்பூரவல்லித் தொட்டி. பொங்கலுக்கு வந்தபோது மருமகள் நம் கிணற்றடியில் கிள்ளி, ஈரத்துணியில் சுற்றி எடுத்துப்போனதுதானே அது? இலையெல்லாம் பழுத்துத் தொங்குகிறது. அதற்குத் தண்ணீர் ஊற்று. நிறைய வேண்டாம், ஒரு சொம்பு போதும்.

இதைச் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தேன். சொல்லிவிடுகிறேன். நீ எந்த லென்ஸில் எடுக்கிறாய் என்று தெரிந்துகொள்ளத்தான் அக்கா மகனிடம் கேட்டேன். அவன் ஆல்பத்தில் உன் படத்தை மேலே தள்ளினான், விவரமெல்லாம் வந்து நின்றது. எஃப் எண், ஷட்டர், ஐ.எஸ்.ஓ., தேதி, மணி. ஆகஸ்டில் அந்த வாரம் முழுக்க நீ தினம் ஒன்றாகப் போட்ட படங்கள் அத்தனையும் 17-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை, மாலை 5.40-லிருந்து 6 மணிக்குள் எடுத்தவை. அடுத்த வாரமும் அப்படியே. "மாமா ஏமாற்றுகிறார் அம்மாச்சி" என்று அவன் சிரித்தான். மாமாவுக்கு வேலை அதிகம் என்று சொல்லி வைத்தேன். அக்காவிடம் சொல்லாதே என்றும் சொன்னேன். சொல்லியிருப்பான்.

அன்றைய படம் அன்றைக்கே என்று சட்டம் போட்டவன் நீ. எனக்குக் காய்ச்சல் வந்த அன்று எழுந்திருக்க முடியாமல் மாத்திரை அட்டையை எடுத்து அனுப்பினேன். ஆடிப்போய், மங்கலாக இருந்தது. "இதுதான் அம்மா நல்ல படம்" என்றாய். ஆரம்பத்தில் ஓர் அமெரிக்கரைப் பற்றிச் சொன்னாயே, நியூயார்க்கில் இருந்த ஜேமி லிவிங்ஸ்டன். 1979 மார்ச் 31 முதல் தினம் ஒரு போலராய்டு எடுத்து, 1997 அக்டோபரில் புற்றுநோயில் சாகிற நாள் வரைக்கும் எடுத்தார் என்று. சாப்பாட்டுத் தட்டும் இருந்தது, நண்பர்களும் இருந்தார்கள், ஆஸ்பத்திரிக் கட்டிலும் இருந்தது என்றாய். அழகாக இருக்கும் நாளை மட்டும் பொறுக்கி எடுத்திருந்தால் யார் அதைத் திரும்பிப் பார்த்திருப்பார்கள் என்று எனக்குப் பாடம் நடத்தினாய். அதெல்லாம் எனக்கு மட்டும்தானா?

கோபமாக எழுதுகிறேன் என்று நினைக்காதே. ஒருநாள் படம் போடாவிட்டாலும் பரவாயில்லை, ஒன்றும் குடிமுழுகிவிடாது. போடாமல் விட்டிருந்தால் நான் இவ்வளவு கவலைப்பட்டிருக்கமாட்டேன். ஒரே சாயங்காலத்தில் ஒரு வாரத்துக்கு எடுத்து வைத்துக்கொண்டு, அம்மாவுக்குத் தினம் ஒன்றாக அளந்து விடுகிறாயே, அதுதான்.

எனக்கும் எடுக்க முடியாத நாள் உண்டு. மீன்பிடித் தடைக்காலம், ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை, விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும். வலை கோப்பவர்களும் கயிறு வாங்குபவர்களுமாகக் கடையில் கூட்டம் அள்ளும். கேமராவைத் தொட நேரமில்லாமல் ராத்திரி படகுகளை எடுப்பேன். அலையில் ஆடும் படகு, ஷட்டர் திறந்தே இருந்தால் இரண்டு படகாகிவிடும். அதையும் போட்டேன். தடை முடிந்து கடலுக்குப் போன பிறகு ஒரு நாள், கணவரை இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டுபோன பெண் ஒருத்தி கடைக்கு வந்தாள். வாங்கின வலைக்குத் தவணை கேட்டுவிடுவேனோ என்று பயந்து, தானே முந்திக்கொண்டு வந்துவிட்டாள். அந்த முகத்தில் வெளிச்சம் எப்படி விழுந்தது தெரியுமா? கேமரா கல்லாப் பெட்டியின் மேல்தான் இருந்தது. எடுக்கவில்லை. அவள் போன பிறகு காலித் தராசை எடுத்துப் போட்டேன். நீ "என்ன அம்மா, சப்ஜெக்ட் கிடைக்கவில்லையா" என்று கேட்டாய். ஆமாம் என்றேன்.

சின்னப்பாலத்துப் பெண்கள் கடல்பாசி எடுத்துக் கரையேறும்போது எடுத்த கைப்படத்தை மட்டும் நீ பாராட்டினாய். சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, நெற்றியில் தூக்கிவிட்ட கண்ணாடி. பாறை கிழிக்காமலிருக்க விரல்களில் சுற்றிய துணியை ஓர் அக்காள் பல்லால் இழுத்து அவிழ்த்துக்கொண்டிருந்தார். உள்ளே விரல்நுனி வெளுத்து, சுருங்கி, அதன் மேல் பழைய வெட்டுக் கோடுகள். எஃப் 5.6-இல் விரல் மட்டும் துலங்கி, பின்னால் கடல் கலைந்து போயிருந்தது. எடுக்கட்டுமா என்று கேட்டபோது, "வீட்டு ஆம்பளைக்குக் காட்டமாட்டேன், உனக்குக் காட்டுகிறேன், எடு" என்றார். பிறத்தியாரிடம் காட்டுவது சுலபம்தான் போலிருக்கிறது.

நல்ல படமாக இருக்க வேண்டாம், தம்பி. அறை இருட்டாக இருக்கிறதா, அப்படியே எடு. ஐ.எஸ்.ஓ.-வைக் கூட்டினால் புள்ளி புள்ளியாக வரும், வரட்டும். விளக்கிப் போடாத பாத்திரமா, அதை எடு. அன்றைக்கு இருப்பதை அன்றைக்கே அனுப்பு. ஆல்பத்தில் போட வேண்டாம் என்றால் எனக்கு மட்டும் அனுப்பு. நான் எதுவும் கேட்கமாட்டேன். அக்கா மகனிடமும் காட்டமாட்டேன்.

அப்பாவிடம் இதையெல்லாம் பேசவில்லை. சின்ன அத்தை விஷயத்தில் அவர் எப்படி நடந்துகொண்டார் என்று உனக்குத் தெரியும். இப்போது அவருக்கும் வயதாகிவிட்டது, அத்தை வந்தால் எழுந்துபோய் அவரே காபி வாங்கி வருகிறார். ஆனாலும் நான் சொல்லவில்லை. நீயாகச் சொன்னால்தான். கடைக்கு வருகிறவர்கள் "மருமகள் எப்படி இருக்கிறாள்" என்று கேட்டால் நன்றாக இருக்கிறாள் என்கிறேன். நன்றாகத்தானே இருப்பாள். அது நல்ல பிள்ளை. போன மாதம் என் பிறந்தநாளுக்கு அவள் போனிலிருந்து வாழ்த்து வந்தது, உன் வாழ்த்துக்கு ஒரு மணி நேரம் முன்பே. உனக்குத் தெரியுமோ தெரியாதோ.

ரயில் மறுபடி பாலம் தாண்டி ராமேஸ்வரம் வரைக்கும் வருகிறது. முன்பு போல மண்டபத்தில் இறங்கிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்க வேண்டியதில்லை. தீபாவளி அக்டோபர் 20. டிக்கெட் எத்தனை என்று நான் கேட்கவில்லை. வந்தால் போதும். வரும்போது கேமராவைக் கொண்டுவா, வாடை தொடங்குவதற்குள் தென்கடல் பக்கம் போய் வரலாம். எனக்கு இந்தக் குதிக்கிற பையன்களை அந்தரத்தில் நிறுத்தத் தெரியவில்லை. ஷட்டரை 1/1000 வினாடியில் வைத்தாலும் நான் அழுத்துவதற்குள் தண்ணீருக்குள் போய்விடுகிறார்கள்.

நேரத்துக்குச் சாப்பிடு. தொட்டிக்குத் தண்ணீர் ஊற்று. செத்துவிட்டதென்றால் சொல், வேறு கிள்ளித் தருகிறேன்.

26-ஆம் தேதி வெள்ளிக்கிழமை கடைப் பையன் ராமநாதபுரம் போகிறான். பார்சல் போடச் சொல்லியிருக்கிறேன். நெத்திலி அரைக் கிலோ, சாயல்குடிக் கருப்பட்டி, அக்கா இடித்த மிளகாய்த் தூள். சீலாக் கருவாடும் நல்லதாக வந்திருக்கிறது, ஒரு கிலோ எடுத்து வைத்திருக்கிறேன். நீ அதைத் தொடமாட்டாய். வைக்கவா வேண்டாமா என்று 24-ஆம் தேதிக்குள் சொல்.

அம்மா