முகாமில் கண்டறிந்த பெண்கள் என்ன ஆனார்கள்? தலைமை மருத்துவ அலுவலருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய டாக்டரம்மா அவர்களுக்கு,

வணக்கம். பிப்ரவரி 4 அன்று நம் வட்ட அரசு மருத்துவமனையில் நடந்த புற்றுநோய் தின விழாவுக்கு எங்கள் ஊராட்சி மகளிர் குழுப் பெண்களோடு நானும் வந்திருந்தேன். ஆண்டறிக்கையை நீங்களே வாசித்தீர்கள். வாய், மார்பகம், கர்ப்பப்பை வாய் என மூன்றுக்கும் எத்தனை பேரைப் பரிசோதித்தோம், போன ஆண்டைவிட எவ்வளவு கூடுதல் என்றெல்லாம் சொன்னீர்கள். நாங்களும் கைதட்டினோம். 'சந்தேகத்துக்குரியவர்கள் மேல்சிகிச்சைக்கு அனுப்பிவைக்கப்பட்டனர்' என்ற வரியோடு அறிக்கை முடிந்தது. அப்படி அனுப்பிவைக்கப்பட்டவர்களில் ஒருவர் எங்கள் குழுவைச் சேர்ந்த அக்கா. நீங்கள் வாசித்துக்கொண்டிருந்த நேரத்தில் அவருக்குப் பெரிய ஆஸ்பத்திரியில் கரண்ட் (கதிர்வீச்சு) வைத்துக்கொண்டிருந்தார்கள்.

நான் கேட்க வந்தது ஒன்றுதான். முகாமில் சந்தேகம் என்று எழுதப்படும் ஒவ்வொரு பெண்ணுக்கும் சதைப் பரிசோதனை (பயாப்சி) நடந்ததா, முடிவு அவரிடம் போய்ச் சேர்ந்ததா, சிகிச்சை தொடங்கியதா என்று கடைசிவரை பார்க்க ஒரு செவிலியரைப் பொறுப்பாக்குங்கள். அடுத்த ஆண்டறிக்கையில் அந்தக் கணக்கையும் வாசியுங்கள்.

இந்த அக்காவுக்கு 47 வயது. நூறு நாள் வேலைக்கும் கடலைக்காட்டு வேலைக்கும் போகிறவர். போன ஆண்டு முகாமுக்கு அவரை அழைத்து வந்ததே நான்தான். அதற்கு முன் அவர் வீட்டுத் திண்ணையில் பல மாலைகள் உட்கார்ந்து பேச வேண்டியிருந்தது. "வலியும் இல்லை, ஒன்றும் இல்லை, எதற்கு அங்கே போய்ப் படுக்க வேண்டும்" என்றுதான் கேட்டார். வலி வருவதற்கு முன்னால் பார்ப்பதற்குத்தான் இந்தப் பரிசோதனை என்று உங்கள் செவிலியர்கள் எனக்குச் சொல்லிக்கொடுத்ததை அப்படியே அவருக்குச் சொன்னேன். வந்தார். கர்ப்பப்பை வாயில் அசிட்டிக் அமிலம் தடவிப் பார்த்ததில் வெள்ளையாகத் தெரிகிறது என்று சீட்டு எழுதி, மாவட்ட மருத்துவமனைக்குப் போகச் சொன்னார்கள். அங்கே வாரத்தில் ஒரே நாள்தான் சதை எடுக்கிறார்கள். முதல் தடவை போனபோது டாக்டர் விடுப்பு. அடுத்த வாரமும் கூலியை விட்டுவிட்டுப் போய் எடுத்துக்கொண்டு வந்தார்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நீங்கள் பொறுமையாகப் படிக்க வேண்டும். ரிசல்ட் வாங்க அவர் போனது காலையில். ரிசல்ட் கொடுப்பது மதியத்துக்கு மேல் என்றார்கள். மதியம்வரை காத்திருந்தால், சீட்டில் இருந்த எண்ணை வைத்துத் தேடிப் பார்த்துவிட்டு, இன்னும் வரவில்லை, அடுத்த வாரம் வாருங்கள் என்றார்கள். அடுத்த வாரமும் அதே பதில். எங்கள் ஊருக்கு மாலையில் ஒரு பஸ்தான். அதை விட்டால் டவுனிலேயே இரவு தங்க வேண்டும். பதிவேட்டில் எழுதிக்கொண்டது அவர் மகனின் செல்போன் எண். அந்தப் பையன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். அவனுக்கு ஒரு போன்கூட வரவில்லை. கடைசியில் அக்கா போவதை நிறுத்திவிட்டார். "ஏதாவது இருந்தால் சொல்லியிருக்க மாட்டார்களா, சொல்லவில்லை என்றால் ஒன்றும் இல்லை என்றுதானே அர்த்தம்" என்றார். அவர் நினைத்ததில் என்ன தப்பு? அரசாங்க ஆஸ்பத்திரியை நம்பிய ஒரு மனுஷி அப்படித்தான் நினைப்பார்.

மழைக்காலத்தில் ரத்தம் பட ஆரம்பித்தது. மறுபடி அழைத்துக்கொண்டு ஓடினோம். அப்போதுதான் பதிவேட்டைப் புரட்டி, ரிசல்ட் எப்போதோ வந்துவிட்டதே என்றார்கள். ஆரம்ப நிலைப் புற்றுநோய் என்று அதில் எழுதியிருந்தது. அன்றைக்கே தெரிந்திருந்தால் ஆபரேஷனில் முடிந்திருக்கும் என்று பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னார். இப்போது பக்கத்துத் தசைக்கும் பரவிவிட்டதால் ஆபரேஷன் செய்ய முடியாதாம். ஐந்து வாரம், வாரத்துக்கு ஐந்து நாள் கரண்ட். வாரம் ஒரு கீமோ ஊசி. அது முடிந்ததும் உள்ளே குழாய் வைத்துக் கொடுக்கும் கதிர்வீச்சு. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருப்பதால் சிகிச்சைக்குப் பணம் கட்டவில்லை. அதற்கு நன்றியுடையவர்களாகவே இருக்கிறோம். ஆனால் அந்தக் காகிதம் பல மாதம் ஒரு மேசையில் கிடந்ததற்கு எந்தக் காப்பீடும் ஈடு கொடுக்காது.

டாக்டரம்மா, இந்த நோயின் இயல்பு எங்களைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். எச்பிவி என்ற வைரஸ் தொற்றிலிருந்து புற்றாக மாறப் பெரும்பாலும் பத்துப் பதினைந்து வருஷத்துக்கு மேல் எடுத்துக்கொள்கிற நோய் இது. உடம்பு அவ்வளவு அவகாசம் கொடுக்கிறது. அதை வீணடிப்பது நம் அலுவலக நடைமுறை.

முடியாத காரியத்தைக் கேட்கவில்லை. திண்டுக்கல் மாவட்டத்தில் அம்பிளிக்கையில் உள்ள ஒரு சமுதாய மருத்துவமனையை மையமாக வைத்து, 2000ஆம் ஆண்டு தொடங்கி, 30 முதல் 59 வயதுவரையான கிராமத்துப் பெண்களுக்கு இதே அசிட்டிக் அமிலப் பரிசோதனையைச் செய்தார்கள். செய்தவர்கள் பயிற்சி பெற்ற செவிலியர்கள். வெள்ளையாகத் தெரிந்த பெண்ணை இன்னொரு ஊருக்கு அனுப்பவில்லை. அன்றைக்கே, அங்கேயே கால்போஸ்கோப்பில் (கர்ப்பப்பை வாயைப் பெரிதாக்கிக் காட்டும் கருவி) பார்த்து, சதை எடுத்து, தேவையானவர்களுக்கு உறைய வைக்கும் சிகிச்சையையும் கொடுத்தார்கள். அந்தப் பரிசோதனை நடந்த ஊர்களில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயால் ஏற்படும் சாவு 35 சதவீதம் குறைந்ததென்று 2007இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியானது. அவர்கள் தடவியதும் நீங்கள் தடவுகிற அதே திரவம்தான். கண்டுபிடித்த பெண்ணை அவர்கள் கைவிடவில்லை, அந்தப் பலன்தான் இது. உலக சுகாதார நிறுவனம் 2030க்கு வைத்திருக்கும் இலக்கிலும் 70 சதவீதப் பெண்களைப் பரிசோதிப்பதோடு நிறுத்தவில்லை. நோய் கண்ட பெண்களில் 90 சதவீதம் பேருக்குச் சிகிச்சை கிடைக்க வேண்டும் என்கிறது. உங்கள் அறிக்கையில் முதல் கணக்கு இருக்கிறது, இரண்டாவது கணக்கு இல்லை.

2025-26 தமிழ்நாடு பட்ஜெட்டில் 14 வயதுப் பெண்பிள்ளைகளுக்கு எச்பிவி தடுப்பூசி அறிவித்தார்கள். மனதார வரவேற்கிறோம், எங்கள் பிள்ளைகளை நாங்களே அழைத்து வருவோம். ஆனால் அவர்களின் அம்மாக்களுக்கு அந்த ஊசி காலம் கடந்தது. அவர்களுக்கு மிச்சமிருப்பது இந்தப் பரிசோதனை ஒன்றுதான். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 30 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இதைச் செய்துகொண்டதில்லை. அந்தப் பத்துப் பேருக்குள் வந்த ஒரு பெண்ணையும் நாம் தவறவிட்டோம்.

விழாவுக்கு இளஞ்சிவப்பு பலூன், ஃபிளெக்ஸ், வந்த எல்லோருக்கும் ரிப்பன் என்று செலவு செய்ய முடிந்தது. ஒரு பெண்ணுக்குப் போன் செய்ய ஆள் இல்லை என்கிறார்கள். புகையிலைக்கு எதிராக எல்லோரும் எழுந்து நின்று உறுதிமொழி எடுத்தோம். வெளியே வந்தால் எதிர்ப் பெட்டிக்கடையில், 2013லேயே தடை செய்த குட்கா தாராளமாகக் கிடைக்கிறது. பரிசோதனை அறைக்கு ஒழுங்கான திரை கிடையாது. இருக்கிற ஒரே மகப்பேறு மருத்துவரும் பிரசவ வார்டுக்கும் ஓ.பி.க்கும் மாறி மாறி ஓடுகிறார். பயிற்சி எடுத்த செவிலியர் கை பழகும்போது அவருக்கு மாறுதல் வந்துவிடுகிறது. இவையெல்லாம் உங்கள் ஒருவர் கையில் இல்லை என்பது எனக்குப் புரிகிறது. கோபத்தில் பேச்சு எங்கோ போய்விட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். பணியிடங்களை நிரப்பச் சொல்லி மேலே இருப்பவர்களுக்கு நீங்கள் எழுதினால், எங்கள் கூட்டமைப்பும் சேர்ந்து கையெழுத்துப் போடும்.

உங்கள் கையில் இருப்பதை மட்டும் கேட்கிறேன். ஒரு செவிலியர், ஒரு பதிவேடு, ஒரு செல்போன். அந்தப் பதிவேட்டில் பெண்ணின் எண்ணோடு ஊர் செவிலியரின் எண்ணையும் மக்களைத் தேடி மருத்துவம் பணியாளரின் எண்ணையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். ரிசல்ட் வாங்க அந்தப் பெண் அலையக் கூடாது. ரிசல்ட் நம் மருத்துவமனைக்கு வந்து, அங்கிருந்து அவர் வீட்டுக்குத் தகவல் போக வேண்டும். ஒன்றும் இல்லை என்றாலும் அதையும் சொல்லியனுப்ப வேண்டும். சதை எடுக்கும் நாளை இங்கேயே மாதம் ஒரு முறையாவது வைக்க முடியுமா என்று மாவட்ட மருத்துவமனையோடு பேசிப் பாருங்கள். போன ஆண்டு முகாமில் சந்தேகம் என்று எழுதப்பட்ட மற்றப் பெண்களின் பட்டியலையும் தயவுசெய்து இந்த வாரமே எடுத்துப் பாருங்கள். எங்கள் அக்காவைப் போல இன்னும் யாராவது, ஒன்றும் இல்லை என்று நினைத்துக்கொண்டு வீட்டில் இருக்கலாம். அவர்கள் வீட்டைத் தேடிப்பிடிக்க ஆள் போதாதென்றால் சொல்லுங்கள், எங்கள் குழுப் பெண்கள் வருகிறோம்.

அடுத்த முகாமுக்குப் பெண்களைத் திரட்டித் தரச் சொல்லி உங்கள் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. கண்டறியப்படும் பெண்களைக் கடைசிவரை பார்க்கப்போகிறவர் யார் என்று எழுத்தில் தெரிவியுங்கள். அந்தப் பெயரைச் சொல்லித்தான் இனி வீடு வீடாகப் போய்க் கூப்பிட முடியும். தங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் மீது மரியாதையுள்ள,
ஊராட்சி மகளிர் குழுக் கூட்டமைப்புச் செயலாளர்