வீணையையும் எழுதச் சொல்

அன்பு மகள் கவிதாவுக்கு,

நேற்று போனில், ஸ்நேகிதியின் காரைப் பின்னால் ஒரு வண்டி இடித்துவிட்டது என்றாய், "எனக்கு ஒண்ணும் ஆகலப்பா, வீணைதான்" என்று சொல்லி வைத்துவிட்டாய். பிள்ளைக்கு அடியில்லையே, அது போதும் என்று அம்மாவைச் சமாதானப்படுத்திவிட்டு, எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. எழுந்து இதை எழுதுகிறேன்.

நீ அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். யாளி முகம் கழுத்தோடு முறிந்திருக்கிறது. குடத்தில் விரல் நுழையும் வெடிப்பு. மெழுகு பெயர்ந்து, தந்தியை அழுத்தும் மெட்டுக் கட்டைகள் நாலைந்து சாய்ந்து கிடக்கின்றன. கூடவே உடைந்த லேப்டாப்பின் படத்தை நான் பார்க்கவே இல்லை, போகட்டும்.

ஸ்நேகிதியிடம் எப்படிப் பணம் கேட்பது என்றாய். அவளிடம் ஏன் கேட்க வேண்டும்? பெங்களூர் ஓசூர் ரோடு சிக்னலில் நின்றிருந்த காரைப் பின்னால் வந்து இடித்தவர் வேறொருவர். அவர் வண்டியால் பிறருக்கு வரும் நஷ்டத்துக்கான மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் உன் ஸ்நேகிதியின் பம்பருக்கு எப்படியோ, பின் சீட்டில் இருந்த உன் வீணைக்கும் அப்படித்தான். 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது 'சொத்து' என்ற சொல்லின் விளக்கத்தில் பயணிகளின் சாமான்களையும் சேர்த்துவிட்டார்கள். கார் பாலிசியில் பிறர் சொத்துச் சேதத்துக்கு வழக்கமாக 7.5 லட்சம் வரை உண்டு. பிரீமியத்தில் கொஞ்சம் மிச்சம் பிடிக்க அதை 6,000 ரூபாயாகக் குறைத்துக்கொள்கிற கெட்டிக்காரர்களும் இருக்கிறார்கள். அப்படியிருந்தால் மீதியை இடித்த வண்டியின் சொந்தக்காரர் கையிலிருந்துதான் கேட்க வேண்டும்.

இன்ஷூரன்ஸ் ஆபீசில் கிளார்க்காகச் சேர்ந்த புதிதில் ஒரு தையல்கார அம்மா வந்தார். ஆட்டோவில் மெஷினை ரிப்பேருக்குக் கொண்டு போகும்போது வேன் இடித்துவிட்டது. உடைந்த மெஷின் தலையைச் சாக்கில் சுற்றி என் மேஜை மேல் வைத்தார். ஃபைல்களில் எல்லாம் எண்ணெய்க் கறை. எஃப்.ஐ.ஆரைப் புரட்டிப் பார்த்தேன். ஆட்டோவின் நசுங்கிய மட்கார்டு வரைக்கும் இருந்தது, மெஷினைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "உயிர் தப்பிச்சதே பெருசு, இதைப் போய் சொல்லுவாங்களா சார்" என்றார். எங்கள் ஆபீசில் ஒரு ரூபாய்கூடக் கொடுக்கவில்லை. சாக்கை மறுபடி கட்ட நான்தான் சணல் எடுத்துக் கொடுத்தேன்.

அதனால் நாளைக்கே டிராஃபிக் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போ. புகாரைக் கன்னடத்தில் எழுதியிருப்பார்கள். வீணையும் லேப்டாப்பும் அதில் இருக்கின்றனவா என்று யாரையாவது படித்துச் சொல்லச் சொல். இல்லையென்றால் தனியாக ஒரு மனு கொடுத்து ரசீது வாங்கிக்கொள். இடித்த வண்டியின் பாலிசி நகலையும் கேட்டு வாங்கு. கம்பெனி தானாகக் கூப்பிட்டுத் தராது. மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுப் போட வேண்டிவரும். அங்கே பெங்களூரில் சிறு வழக்கு நீதிமன்றத்திலேயே அது நடக்கிறது. விபத்து நடந்த நாளிலிருந்து 6 மாதம் என்று சட்டத்தில் கெடு வைத்திருக்கிறார்கள், தள்ளிப்போடாதே.

லேப்டாப்புக்கு பில் இருக்கும், வயதுக்கு ஏற்பத் தேய்மானம் கழிப்பார்கள். பாட்டியின் வீணைக்கு ஏது பில்? அதைக் கேட்டுத்தான் உன்னை மடக்கப் பார்ப்பார்கள். தஞ்சாவூரில் வீணை செய்கிறவர் ஒருவரிடம் காட்டி, ஒரே பலா மரத்தில் குடைந்த ஏகாந்த வீணை, இன்றைக்குச் செய்ய இவ்வளவு, சரிசெய்ய இவ்வளவு என்று கையெழுத்தோடு எழுதி வாங்கலாம். உன் அரங்கேற்றப் படத்தில் அதே வீணை தெளிவாகத் தெரிகிறது. ஆல்பத்திலிருந்து எடுத்து வைத்திருக்கிறேன். சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் பார்க்கும்வரை யாரும் ஒட்டுகிறேன் என்று ஃபெவிகால் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்.

யாளியின் ஒரு காது படத்தில் காணோம். காரின் சீட்டுக்கு அடியில் கிடக்கும், வொர்க்‌ஷாப்புக்கு வண்டி போவதற்குள் தேடி எடுத்து ஒரு துணியில் முடிந்து வை. அம்மா காலையிலிருந்து அதைத்தான் கேட்கிறாள்.

அன்புடன்,
அப்பா