நிழல் சுவருக்கு, காற்று ஏசிக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடைக்கான வீட்டுக் குறிப்புகளில், ஏசியின் அவுட்டோர் யூனிட்டுக்குக் கூரை போட்டு, சுற்றிலும் செடி வைத்து நிழல் கொடுத்தால் கரண்ட் பில் குறையும் என்று எழுதியிருந்தீர்கள். போன வருடம் இதே மாதிரி ஒரு குறிப்பைப் படித்துவிட்டு அப்படியே செய்தவள் நான். அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

எங்கள் வீடு சித்தோட்டில். மாமனார் படுக்கும் அறை மேற்குப் பார்த்தது. அவுட்டோரும் அந்தச் சுவரில்தான், தரையிலிருந்து 2 அடி உயரத்தில் இருக்கிறது. மதியம் ஒரு மணிக்குப் பிடிக்கும் வெயில் பொழுது சாயும் வரை விடாது. மாசியிலேயே பட்டறையில் சொல்லித் தகரக் கூரை போட்டு, மூன்று பக்கமும் கம்பிச் சட்டத்தில் பச்சை நிழல்வலை கட்டினோம். முன்னால் ஒன்றரை அடி தள்ளி வரிசையாகச் செம்பருத்தி வைத்தேன். நல்லது செய்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன்.

சித்திரை பிறந்ததும் மூன்று மணிக்கு மேல் அறைக்குள் வெறும் ஃபேன் காற்றுதான் வந்தது. கம்ப்ரஸர் நின்று நின்று ஓடியது. 82 வயது மனிதர் ஈரத்துண்டை நெஞ்சில் போட்டுக்கொண்டு, "பரவால்ல கண்ணு" என்று சொல்லிக்கொண்டு படுத்திருந்தார். எனக்குத்தான் தாங்கவில்லை.

வந்து பார்த்த மெக்கானிக் தம்பி எதையும் கழற்றவில்லை. யூனிட்டுக்குப் பின்னால் இருக்கும் சந்தில் என் கையை வைக்கச் சொன்னார். வெளிக்காற்று நுழைய வேண்டிய இடம் அது. அடுப்புக்குப் பக்கத்தில் கையை நீட்டின மாதிரி இருந்தது. "மிஷினு உட்ட சூட்டையே மிஷினு மறுக்கா இழுக்குதுங்க்கா. இதுக்கு நெழல் வேண்டாமுங்க, காத்துப் போக வழி உடுங்க" என்றார். முன்பக்கம் தள்ளிய சூடு செம்பருத்தியில் மோதி, கூரைக்குள் சுற்றி, திரும்பப் பின்பக்கமே போயிருக்கிறது. அப்புறம்தான் செடியையே கவனித்தேன். ஃபேனைப் பார்த்த பக்கத்து இலையெல்லாம் சுருண்டு அப்பளமாக நொறுங்கியது. மறுபக்கம் மொட்டு விட்டிருந்தது.

நிழல்வலையைப் பிரித்ததும் இன்னொன்றும் தெரிந்தது. பக்கத்துத் தெருவில் விசைத்தறி ஓடுகிறது. அந்தப் பஞ்சுத் தூசி பின்பக்க அலுமினியத் தகடுகளில் கம்பளி மாதிரி படிந்திருந்தது. அதில் வேப்பம்பூ வேறு. மெக்கானிக் ஒரு முனையைப் பிடித்து இழுத்தார், மொத்தமாக உரிந்து வந்தது. வலை போட்டு மூடினதால் இத்தனை நாள் யார் கண்ணிலும் படவில்லை. திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்குப் பக்கத்திலும் பல்லடம், சோமனூர் தறிகளுக்குப் பக்கத்திலும் வீடு இருப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

ஒன்றரை டன் ஏசி முழு வேகத்தில் ஓடும்போது அறையிலிருந்து எடுக்கும் சூடு 5 கிலோவாட்டுக்குக் கொஞ்சம் மேலே. கம்ப்ரஸர் செலவழிக்கும் கரண்டையும் சேர்த்தால் வெளியே தள்ளுவது ஆறரை கிலோவாட்டுக்கு மேல். 2 கிலோவாட் கீசர் மூன்றை ஒன்றாகப் போட்ட மாதிரி. அந்தப் பெட்டியின் மேல் நேராக விழும் வெயிலோ அரை கிலோவாட் அளவுதான். அரையைத் தடுக்கப் போய் ஆறரைக்கு வழியை அடைத்துவிட்டோம். அமெரிக்காவில் ஃபுளோரிடா சூரிய ஆற்றல் மையம் 1996இலேயே வீடுகளில் அளந்து பார்த்திருக்கிறது. அவுட்டோருக்கு நிழல் கொடுத்ததில் மிச்சமானது 3 சதவீதத்துக்கும் குறைவு. ஏசி இழுக்கும் காற்று ஏராளம், பெட்டிக்கு மேல் இருக்கும் துளி நிழல் அத்தனை காற்றையும் குளிர வைக்காது என்பதுதான் காரணம்.

நிழலே வேண்டாம் என்று சொல்லவில்லை. அறைக்குள் இருக்கும் ஏசியையும் அவுட்டோரையும் இணைக்கும் செம்புக் குழாய்க்கு மேல் சுற்றிய கறுப்பு ஃபோம் வெயிலில் பொடிந்து போகும், அதற்கு டேப் சுற்றி வைப்பது அவசியம். நிழல் பெரிதாக வேலை செய்வது சுவரில். 12க்கு 10 அடிச் சுவர், அந்தப் பெட்டியின் முகத்தைப் போல 20 மடங்கு வெயில் வாங்குகிறது. வாங்கின சூட்டை ராத்திரி பத்து மணி வரை அறைக்குள் விடுகிறது. ஆகவே கூரையையும் வலையையும் பிரித்துவிட்டோம். செம்பருத்தியை வாசலுக்கு மாற்றினேன். யூனிட்டுக்கு முன்னால் 4 அடி வெறுமையாக விட்டு, சுவரின் மீதிப் பகுதிக்குப் பந்தல் கட்டிக் கோவைக்கொடியும் பாகலும் ஏற்றினேன். மேற்கே பேவர் கல்லை இரண்டு வரிசை பெயர்த்துவிட்டுப் புங்கன் வைத்திருக்கிறோம். அந்தக் காலத்தில் சாணி தெளித்த மண் வாசல் இத்தனை கொதித்ததில்லை. இப்போது வீட்டைச் சுற்றிக் கல்லைப் பதித்துவிட்டு, அந்தக் கொதிக்கும் காற்றையே ஏசிக்குக் கொடுக்கிறோம்.

சிலர் வெயில் நேரத்தில் யூனிட்டின் மேல் தண்ணீர் அடிக்கிறார்கள். நம் பக்கத்து போர்வெல் தண்ணீரின் உப்பு தகடுகளில் வெள்ளையாகப் பூத்துவிடும். கழுவுவதானால் மெயினை அணைத்துவிட்டு, பஞ்சைக் கையால் எடுத்த பிறகு, மெதுவாகத் தண்ணீர் விட்டால் போதும். பல்லடத்தில் என் நாத்தனார் வீட்டு யூனிட் மேற்கே முகம் பார்த்திருக்கிறது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் ஆனி ஆடியில், தள்ளும் சூடு எதிர்க்காற்றில் முகத்துக்கே திரும்புகிறது. வீடு கட்டும்போதே இஞ்சினியர் இதை யோசித்து இடம் ஒதுக்கியிருக்கலாம். 3 அடிச் சந்தில் எதிரெதிரே இரண்டு வீட்டு அவுட்டோரும் ஒன்றின் மேல் ஒன்று ஊதிக்கொண்டிருப்பதையும் பார்க்கிறேன். அதற்கு எந்தச் செடியும் உதவாது.

ஆசிரியர் அவர்களே, உங்கள் குறிப்பைப் படித்துவிட்டு இந்நேரம் எத்தனை பேர் பட்டறைக்குப் போயிருப்பார்களோ. அனுபவமுள்ள ஒரு ஏசி மெக்கானிக்கைக் கேட்டு, பின்னால் எவ்வளவு, முன்னால் எவ்வளவு இடம் விட வேண்டும் என்று படத்தோடு சித்திரைக்கு முன்பே வெளியிடுங்கள். மேற்கு அறையில் படுத்திருக்கும் பெரியவர்கள் எங்கள் வீட்டில் மட்டும் இல்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சித்தோடு, ஈரோடு மாவட்டம்.