நீர் விநியோகம் 'நீர்ப் பிரச்சினை' ஆகலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வன்னிக் கமக்காரருக்கான துண்டுப்பிரசுரங்களை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்குவோர் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. நெற்பயிர் சாய்வதைக் குறிக்கும் 'லொட்ஜிங்' 'தங்குமிடம்' என்று வந்தால், வாசிப்பவர் அது பிழையென்று உடனே கண்டுகொள்வார். பிழையென்றே தெரியாமல் வசனத்தில் பொருந்திவிடும் சொல்தான் வயலைக் கெடுக்கும்.

'இஷ்யூ' என்றால் பிரச்சினை. குளத்தின் மதகான துருசைத் திறந்து வாய்க்காலுக்குத் தண்ணீர் விடுவதும் ஆங்கிலத்தில் அதே 'இஷ்யூ'தான். 'முதல் நீர் விநியோகத் திகதி' என்று வரவேண்டிய இடத்தில் 'நீர்ப் பிரச்சினை, திகதி' என்று வந்தால், ஏதோ கூட்டமாக்கும் என்று கமக்காரர் இருந்துவிடுவார். உழாத வயலுக்குத் தண்ணீர் வந்து வீணே கழியும்.

'அப்ளிகேஷன்' இன்னும் மோசம். விண்ணப்பமும் அதுதான், பசளை இடுதலும் அதுதான். 'யூரியா: முதல் விண்ணப்பம், விதைத்து 2 வாரத்தில்' என்றால், பசளை மானியத்துக்குப் படிவம் நிரப்பிப் பழகியவர் கமநல சேவை நிலையத்துக்குத்தானே போவார்? வயலில் இடவேண்டிய பசளை பிந்தும். மட்டம் வெடிக்கும் (பக்கத் தண்டுகள் கிளைக்கும்) பருவத்தில் நைதரசன் குறைந்தால் கதிர் குறையும். அதை ஈடுசெய்யப் பிந்தி அள்ளிப் போட்டாலோ பயிர் சாயும், எரிபந்த நோயும் வரும்.

'டாங்க்' இரணைமடுவில் குளம். தோளில் கொழுவும் 16 லீற்றர் தெளிகருவியில் தாங்கி. 'பூட்டிங்' நெல்லில் குடலைப் பருவம், அதாவது கதிர் இலையுறைக்குள் திரளும் காலம்.

அகராதியின் முதற்பொருளை எடுக்காமல் பக்கத்துச் சொற்களைப் பாருங்கள். துருசு, வாய்க்கால், ஏக்கர் அடி என்பன அருகில் இருந்தால் அது விநியோகம். கிலோ, ஏக்கர், விதைத்த நாள் இருந்தால் இடுதல். அட்டவணைகளில்தான் பிழை மலியும். கட்டத்துக்குள் சொல் தனியே நிற்பதால் கைபேசி மொழிபெயர்ப்பும் பொருளை ஊகித்தே தரும். அங்கெல்லாம் பெயர்ச்சொல்லை விட்டு வினையாக எழுதுவது நல்லது: 'யூரியா இடுக', 'துருசு திறக்கப்படும்'. ஒரு சொல்லுக்கு எடுத்த தமிழைக் கடைசிப் பக்கம்வரை மாற்றவும் கூடாது.

பிறகு, ஆங்கில மூலத்தைப் பார்க்காத ஒருவர் தமிழை மீண்டும் ஆங்கிலமாக்கட்டும். அதை மூலத்துடன் ஒப்பிட்டால் தடம் மாறிய சொல் தெரியும். திகதி, கிலோ, லீற்றர் வரும் வரிகளுக்காவது இதைச் செய்தே ஆகவேண்டும்.

அச்சுக்குப் போகுமுன் கமக்கார அமைப்பைச் சேர்ந்த ஒருவருக்கு வாசித்துக் காட்டுங்கள். 'விளங்குதா?' என்று கேட்டால் 'ஓம்' என்றுதான் சொல்வார். 'எந்த நாளில் என்ன செய்வீர்கள்?' என்று கேளுங்கள்.

இப்படிக்கு,
மொழிபெயர்ப்பாளர்கள் சிலர்,
கிளிநொச்சி.