சார்ஜ் நிக்கலைன்னா உடனே புது போன் வாங்க ஓடாதீங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போடியில மொபைல் சர்வீஸ் கடை வச்சிருக்கேன். கடைக்கு வர்றவங்க அதிகமா சொல்ற கம்ப்ளைன்ட் "சார்ஜ் நிக்க மாட்டேங்குதுண்ணே"தான். சொல்லி முடிக்கறதுக்குள்ளயே அடுத்த கேள்வி, இதைப் போட்டுட்டு புதுசு எடுத்தா மாசத் தவணை எவ்வளவு வரும்னு. டிஸ்ப்ளே நல்லா இருக்கு, கேமரா நல்லா இருக்கு, சார்ஜ் ஒண்ணுக்காக நல்ல போனைத் தூக்கிப் போட்டுட்டு, தினக்கூலிக்குப் போறவங்க கடன்பட்டு புதுசு எடுக்கறதைப் பாக்கும்போது மனசு கஷ்டமா இருக்கு, அதனாலதான் எழுதுறேன்.

எங்க ஊர்லருந்தும் கம்பம் பக்கத்துலருந்தும் விடியக்காலையில ஜீப் ஏறி இடுக்கி ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போறவங்க நிறைய. ஃபுல் சார்ஜோட போவாங்க, மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள பாதி போயிடும், சாயங்காலம் ஜீப்ல இறங்கும்போது சுவிட்ச் ஆஃப். இத்தனைக்கும் வேலை நேரத்துல போனைக் கையில எடுத்திருக்கவே மாட்டாங்க. அந்தப் போனை வாங்கி செட்டிங்ஸ்ல பேட்டரின்னு இருக்கறதுக்குள்ள போயி எது எவ்வளவு சார்ஜ் தின்னுருக்குன்னு பாத்தா, யூடியூப்பும் இல்ல வாட்ஸ்அப்பும் இல்ல, முதல்ல நிக்கறது மொபைல் நெட்வொர்க். மலைச் சரிவுக்குள்ள டவர் கிடைக்காது, கிடைக்காத டவரை போன் பூரா நேரமும் தேடிக்கிட்டே கிடக்கும், லேசா கிடைச்சாலும் அவ்வளவு தூரத்துல இருக்கற டவருக்கு எட்டணும்னு பவரை ஏத்தி ஏத்தி அனுப்பும். 5ஜி போனா இருந்தா 5ஜிக்கும் 4ஜிக்கும் மாறி மாறித் தாவிக்கிட்டு இருக்கும். ரெண்டாவது சிம் ரீசார்ஜ் பண்ணாம சும்மா கிடந்தாலும் அதுவும் சேந்து தேடும். பேட்டரி மேல ஒரு குத்தமும் இல்லாதப்போ புது போன் வாங்கி என்ன பிரயோஜனம், அதே தோட்டத்துல அதுவும் இப்படித்தான் இறங்கும். உபயோகம் இல்லாத சிம்மை ஆஃப் பண்ணிட்டு, நெட்வொர்க்கை 4ஜிக்கு மாத்தி, டவரே இல்லாத இடத்துல ஏரோப்ளேன் மோட் போட்டுட்டு, சாப்பாட்டு நேரத்துல மேட்டுக்கு வந்து எடுத்துவிட்டு வீட்டுக்குப் பேசிக்கலாம். இதுக்கு ஒரு பைசா செலவு இல்ல.

டவர் நல்லா இருக்கற இடத்துலயும் சார்ஜ் இறங்குதுன்னா அதே பேட்டரி பக்கத்துல பாருங்க, நீங்க தொடாத ஆப் ஒண்ணு மேல நின்னா அதுக்கு பேக்கிரவுண்டு பர்மிஷனையும் (நீங்க திறக்காதப்பவும் உள்ள ஓடற அனுமதி) லொகேஷனையும் எடுத்துவிடுங்க, தேவையில்லைன்னா அழிச்சிடுங்க. பேட்டரி சேவர்னு சொல்லிக்கிட்டு விளம்பரமா ஓட்டற ஆப் எதையும் தயவுசெஞ்சு ஏத்தாதீங்க, போன்லயே அந்த வசதி இருக்கு. எல்லா ஆப்பையும் அடிக்கடி தள்ளி குளோஸ் பண்றது பெருசா உதவாது, மறுபடி முதல்லருந்து திறக்கும்போது இன்னும் கூடத்தான் இழுக்கும். சாஃப்ட்வேர் அப்டேட் போட்ட ரெண்டு மூணு நாள் உள்ள வேலை ஓடும், அப்ப கொஞ்சம் வேகமா இறங்குனா பயப்பட வேண்டாம்.

பேட்டரியை நிஜமாவே கொல்றது சூடுதான். பைக் ஹேண்டில்ல மாட்டி உச்சி வெயில்ல மேப் போட்டு ஓட்டறது, சார்ஜ்ல போட்டுக்கிட்டே கேம் ஆடறது, ராத்திரி தலகாணிக்கு அடியில வச்சு சார்ஜ் ஏத்தறது, இது மூணையும் விட்டாலே பேட்டரிக்கு ஆயுசு கூடும். சுத்தமா காலி பண்ணிட்டுத்தான் சார்ஜ் போடணும்னு இன்னும் பலர் நம்புறாங்க, அது பழைய நிக்கல் காட்மியம் பேட்டரிக்குச் சொன்னது, இப்ப இருக்கற லித்தியத்துக்கு 20லருந்து 80 சதவீதத்துக்குள்ள வச்சிருக்கறதுதான் நல்லது.

இதெல்லாம் பாத்தும் 30 சதவீதம் காட்டிக்கிட்டு இருக்கும்போதே பொட்டுன்னு அணைஞ்சு போகுதுன்னா பேட்டரி தேஞ்சிடுச்சுன்னு வச்சுக்கலாம். 500 தடவை முழுசா ஏறி இறங்குன பிறகு பல பேட்டரி பழைய கொள்ளளவுல 80 சதவீதம்தான் தாங்கும். அப்பவும் மாத்த வேண்டியது பேட்டரியைத்தான். 2017 டிசம்பர்ல ஆப்பிள் கம்பெனி, பேட்டரி தேஞ்ச பழைய ஐபோன்கள் திடீர்னு அணையாம இருக்க வேகத்தைக் குறைச்சோம்னு ஒத்துக்கிட்டு, மறு வருஷம் 29 டாலருக்கு பேட்டரி மாத்திக் குடுத்துச்சு, போன் பழசாயிடுச்சுன்னு நெனச்ச பலருக்கும் பேட்டரி மாத்துனதும் பழைய வேகம் திரும்ப வந்துச்சு.

ஆனா என்னை மாதிரி சின்னக் கடைக்காரனுக்கு ஒரிஜினல் பேட்டரி கிடைக்கறதுதான் பெரும்பாடு. மார்க்கெட்டுல வர்ற பல பேட்டரியில கொள்ளளவு 5000 எம்ஏஎச்னு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், உள்ள அவ்வளவு இருக்காது, சீக்கிரமே உப்பிடும். பேட்டரி வாங்கறவங்க ஐஎஸ் 16046ங்கற பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) நம்பர் அச்சடிச்சிருக்கான்னு பாத்து வாங்குங்க, அதையும் டூப்ளிகேட்டா அடிக்கறாங்கங்கறதால பில்லும் கேட்டு வாங்குங்க. பின்பக்கம் மூடி தூக்கிக்கிட்டு இருந்தா பேட்டரி உப்பியிருக்குன்னு அர்த்தம், அமுக்காதீங்க, குத்தாதீங்க, சார்ஜ் போடாதீங்க, குப்பையில போடாதீங்க, கடையில குடுத்துடுங்க.

ஐரோப்பிய யூனியன்ல 2025 ஜூன் 20லருந்து விக்கற போன்ல பேட்டரி 800 தடவை ஏறி இறங்குன பிறகும் 80 சதவீதம் தாங்கணும், அந்த மாடலை விக்கறதை நிறுத்துன பிறகும் 7 வருஷத்துக்கு ஸ்பேர் குடுக்கணும்னு சட்டம் போட்டுட்டாங்க. 2027 பிப்ரவரியிலருந்து, சில விலக்கு தவிர, ஜனங்களே கழட்டி மாத்தற மாதிரி பேட்டரி வைக்கணுங்கறதும் வருது. நம்ம நாட்டுல மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பர்ல ரைட் டு ரிப்பேர்னு, அதாவது வாங்குன பொருளை ரிப்பேர் பண்ணிக்கற உரிமைக்காக, ஒரு வெப்சைட் ஆரம்பிச்சாங்க, நல்ல விஷயம்தான், ஆனா கடைக்கு வர்ற யாருக்கும் அப்படி ஒண்ணு இருக்கறதே தெரியல. அதோட கம்பெனி ஒரிஜினல் பேட்டரியை என் கடைக்கு விக்கறது கட்டாயம்னு ஆகாத வரைக்கும், போடிக்காரங்க ஒரிஜினல் பேட்டரி மாத்த ஒரு நாள் கூலியை விட்டுட்டு மதுரையில இருக்கற கம்பெனி சர்வீஸ் சென்டருக்கு பஸ் ஏறணும்.

ஒவ்வொரு மாடலுக்கும் பேட்டரி விலை என்ன, எத்தனை வருஷம் கிடைக்கும், எந்த ஊர்ல மாத்தித் தருவாங்கங்கறதை போன் பெட்டி மேலயே தமிழ்ல அச்சடிக்கணும்னு உங்க பத்திரிகை கேட்டு எழுதணும் ஐயா. போன் வாங்கற அன்னைக்கே அது தெரிஞ்சா ஜனங்க பாத்து வாங்குவாங்க. பேட்டரி விஷயத்துல கடைக்காரனோ கம்பெனியோ ஏமாத்துனா 1915ங்கற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு போன் பண்ணி புகார் குடுக்கலாங்கறதையும் இந்த லெட்டரோட சேத்துப் போடுங்க.

இப்படிக்கு,
மொபைல் சர்வீஸ் கடைக்காரர்,
போடிநாயக்கனூர்.