கோமதிக்கு, ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து

அன்புள்ள கோமதி,

நீ நாலு தடவை கூப்பிட்டும் நான் எடுக்கவில்லை. கோபித்துக்கொள்ளாதே. கொலுவுக்கு வரவில்லை என்று ஒரு வருஷம் பேசாமல் இருந்தவளாயிற்றே நீ! போனில் சொன்னால் அழுதுவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன். வித்யாவுக்குப் பிரசவம் ஆகிவிட்டது. பையன். 29 வாரத்திலேயே வந்துவிட்டான், 1,120 கிராம். இன்று 22-வது நாள். இவருக்கு சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, வீட்டில் எல்லோரும் சௌக்கியம்.

மூன்றாம் நாள் சீம்பாலை ஒவ்வொரு மில்லியாகக் குழாய் வழியே கொடுக்கத் தொடங்கினார்கள். அன்று டாக்டரம்மா எங்களை உட்காரவைத்து, பாலோடு புரோபயாடிக், அதாவது குடலுக்கு நல்லது செய்யும் பாக்டீரியா உள்ள பொடி, சேர்க்கலாமா என்று கேட்டார். அதற்கு ஏன் சம்மதம் கேட்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. சம்பந்தியம்மாவோ, தயிர்த் தெளிவில் ஒரு சொட்டு நாக்கில் வைத்தால் போதாதா என்றார். டாக்டரம்மா பதறிப்போய்விட்டார். அவர்கள் தருவதைத் தவிர நாமாக எதையும் வாயில் வைக்கவே கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார்.

இந்தக் குழந்தைகளின் குடல் இன்னும் முற்றவில்லையாம். இன்குபேட்டர், ஆன்டிபயாடிக் என்று இருக்கும்போது நல்ல பாக்டீரியா குடியேறுவதற்குள் ஆஸ்பத்திரிக் கிருமி இடம் பிடித்துவிடும். சிலருக்குக் குடல் சுவரே வீங்கி அழுகத் தொடங்கும். என்.இ.சி. என்கிறார்கள். 1,500 கிராமுக்குக் குறைந்த குழந்தைகளில் 100-க்கு 5 முதல் 10 பேருக்கு வருகிறதாம், வந்தவர்களில் நாலில் ஒன்று பிழைப்பதில்லை. அதைக் கேட்டதிலிருந்து அவன் வயிறு கொஞ்சம் உப்பினாலும் எனக்கு உயிர் போகிறது.

அன்றிரவு மாப்பிள்ளை போனில் ஒன்றைக் காட்டினார். 2023-இல் அமெரிக்காவில் புரோபயாடிக் கொடுத்த ஒரு குறைமாதக் குழந்தை, அதே பாக்டீரியா ரத்தத்தில் கலந்து இறந்திருக்கிறது. அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கை விட்டிருக்கிறது. “வேண்டாம்” என்றார். வித்யா அழுதாள். எனக்கும் யார் பக்கம் பேசுவதென்று தெரியவில்லை, கோமதி.

மறுநாள் டாக்டரம்மா அதை மறைக்கவில்லை. அதையும் சொன்னார், மற்றதையும் சொன்னார். ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் 1,099 குழந்தைகளிடம் மூன்று பாக்டீரியா சேர்த்துக் கொடுத்துப் பார்த்தபோது என்.இ.சி. 4.4 சதவீதத்திலிருந்து 2 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. இங்கிலாந்தில் 1,300-க்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு வேறொரு வகையைக் கொடுத்ததில் பலனே தெரியவில்லை. அதில் ஒரு விஷயம் என்னைத் தூங்கவிடவில்லை. புரோபயாடிக் தராத குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேரின் குடலிலும் அந்த பாக்டீரியா இருந்திருக்கிறது. பக்கத்துத் தொட்டிலிலிருந்து வந்ததாம்! நம் கை எவ்வளவு சுத்தமாக இருக்க வேண்டும் பார்.

ஆக, புரோபயாடிக் என்ற ஒரே பெயரில் பல சரக்கு. எது, எவ்வளவு, யார் தயாரித்தது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 2014-இல் பூஞ்சை கலந்த பொடியால் ஒரு குழந்தை போயிருக்கிறது. நீ காய்கறிக்காரரைக் குடைவதுபோல நானும் டாக்டரம்மாவைக் குடைந்தேன். எந்த வகை? சோதித்ததா? எங்கே பிரிப்பீர்கள்? சலிக்காமல் பதில் சொன்னார். தொட்டிலருகே பாக்கெட்டைப் பிரிப்பதில்லை, ரத்தக்குழாய் லைனில் துகள் படக்கூடாது என்றார். தாய்ப்பால் குடிக்கும் 32 வாரத்துக்குக் குறைந்த குழந்தைகளுக்குப் பரிசீலிக்கலாம் என்று உலக சுகாதார அமைப்பு 2022-இல் சொல்லியிருக்கிறதாம். 1,000 கிராமுக்கும் கீழே என்றால் பலன் தெளிவில்லை. நம்மவன் அதற்கு மேலே.

வித்யாதான் முடிவெடுத்தாள். “என் பால் முதலில், அதற்குத் துணையாக இது” என்றாள். மாப்பிள்ளையும் கையெழுத்துப் போட்டார். இந்தப் பொடியைவிட அவள் ராத்திரி இரண்டு மணிக்கும் எழுந்து பம்பில் எடுக்கிற பாலைத்தான் நான் பெரிதாக நம்புகிறேன். அந்த பாக்டீரியாவுக்கும் அதில்தான் சாப்பாடு இருக்கிறதாம்.

இன்று 1,300 கிராம். வயிறு மிருதுவாக இருக்கிறது. அபாயம் முழுக்க விலகவில்லை, இன்னும் சில வாரம் பார்க்க வேண்டும் என்கிறார்கள். நேற்று முதல் தடவையாக வித்யா அவனை நெஞ்சோடு அணைத்து ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள்.

அப்புறம், உன் அம்மாவின் பழைய சுங்குடிப் புடவை இருந்தால் துவைத்து எடுத்து வை. அவன் வீட்டுக்கு வந்ததும் சொல்கிறேன், கொண்டு வா. புதுத்துணி வேண்டாம்.

உன்,
சாந்தா