அடுப்படியில் கேட்டாலும் காது காதுதான்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஞாயிற்றுக்கிழமை இதழில் உங்கள் இசை விமர்சகர் எழுதிய பத்தியைப் படித்தேன். அதில் ஒரு வரி மனத்தை விட்டு இறங்க மாட்டேன் என்கிறது. பாட்டை அடுப்படியில் ஓடவிட்டுக் கேட்பவர்களெல்லாம் ஆல்பங்களுக்கு மதிப்பெண் போடக் கிளம்பிவிட்டார்கள், சினிமா இசையின் தரம் இறங்கியதற்கு அவர்களும் ஒரு காரணம் என்கிறார். நான் அடுப்படியில்தான் பாட்டுக் கேட்கிறேன், ஐயா. மின்னணுத் தொழிற்சாலையில் இரவு வேலை பார்த்த காலத்தில், விடிகாலையில் வீடு திரும்பிப் பிள்ளைகளுக்குச் சமைத்துக்கொண்டே கேட்டேன். இப்போது பேரப்பிள்ளைகளுக்குச் சமைத்துக்கொண்டே கேட்கிறேன். கண்ணை மூடிச் சாய்ந்து உட்கார்ந்து கேட்கும் வசதி எனக்கு வாய்க்கவில்லை. அதனால் என் காது மட்டம் என்று ஆகிவிடுமா?

இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ தொகுப்பைத்தான் உங்கள் விமர்சகர் உச்சியில் வைக்கிறார். தியாகராஜருக்கும் ஜெர்மன் இசைமேதை பாக்குக்கும் (Bach) காணிக்கையாக இளையராஜா செய்த தொகுப்பு அது என்பது எனக்கும் தெரியும். வாங்கினேன், மரியாதையோடு கேட்டேன். ஆனால் என் வீட்டில் தேய்ந்து தேய்ந்து நாடா அறுந்தது ‘கரகாட்டக்காரன்’ கேசட்தான். அதைச் சொல்ல நான் ஏன் கூச்சப்பட வேண்டும்? 1992-இல் ‘ரோஜா’ வந்தபோது நம் சிங்கப்பூர்த் தேக்காவில் கடைக்குக் கடை அதே பாட்டு. மின்மினியின் குரல் அப்படியே வந்து ஒட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு வந்த ரகுமான் தொகுப்புகள் சிலவற்றில் இரண்டு பாட்டுக்கு மேல் என்னால் தாண்ட முடிந்ததில்லை, அதுவும் உண்மை. அனிருத்தின் ‘கொலவெறி’ 2011-இல் வந்தபோது பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். எனக்குப் பிடித்தது. பாடுகிறவர் என்ன சொல்கிறார் என்று காதில் விழுந்தது. இப்போது கதாநாயகர்களுக்கு வருகிற அறிமுகப் பாட்டுகளில் தாளம்தான் விழுகிறது, வார்த்தை விழுவதில்லை. பேத்தி கைப்பேசியில் வரியை எழுத்தாகக் காட்டினால்தான் அது தமிழ் என்றே எனக்குப் புரிகிறது.

ரசிப்பதற்குத் தகுதிச் சான்றிதழ் வேண்டும் என்றால் இன்னொன்றையும் கேட்கிறேன். 2002-இல் பிபிசி உலக சேவை நடத்திய வாக்கெடுப்பில், உலகெங்கிலும் இருந்து வந்த பாடல்களுக்கு நடுவே, இளையராஜா இசையமைத்த ‘தளபதி’ படத்தின் ‘ராக்கம்மா கையத் தட்டு’ முதல் பத்துக்குள் வந்தது. வாக்குப் போட்டவர்கள் இசைக் கல்லூரிப் பேராசிரியர்களா? என்னைப்போல் வேலை செய்துகொண்டே கேட்டவர்கள்தான்.

அந்தப் பாட்டு என்றதும் பழைய கோபம் ஒன்றும் சேர்ந்து வருகிறது. எங்கள் அண்ணன் மகன் திருமண விருந்து, சமூக மன்ற மண்டபத்தில். இசை போட வந்த தம்பி இந்தப் பாட்டைப் போட்டார், நாங்களெல்லாம் எழுந்துவிட்டோம். உங்களுக்குத் தெரியாததில்லை, துள்ளிக்கொண்டு போகிற அந்தப் பாட்டு நடுவில் சட்டென்று அடங்கி, அப்பரின் ‘குனித்த புருவமும்’ தேவாரம் வரும். அது முடிந்து மறுபடியும் தாளம் எழும்பும்போது உடம்பு சிலிர்க்கும். பாட்டின் உயிரே அந்த இடம்தான். தேவாரம் தொடங்குவதற்கு முன்பே அந்தத் தம்பி வேறு பாட்டுக்குத் தாவிவிட்டார். போய்க் கேட்டேன். “ஆன்ட்டி, அந்த இடத்துல யாரும் ஆட மாட்டாங்க” என்றார். இப்போதெல்லாம் எந்த விருந்திலும் ஒரு பாட்டு முழுதாக ஓடுவதில்லை. பல்லவியைப் போடுவார்கள், தாவுவார்கள். இரண்டாவது சரணம் என்று ஒன்று இருப்பதே பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. புதுப் பாட்டுகளில் அதைப் போடுவதையே பல பேர் விட்டுவிட்டார்கள். தரம் இறங்கியதற்குக் காரணம் தேடுகிற உங்கள் விமர்சகர் இதைப்பற்றி ஒரு வரி எழுதியிருக்கலாம்.

எழுதாததுகூடப் பரவாயில்லை. எழுதியதிலும் தப்பு. ‘தளபதி’ பாடல்களைப் பாராட்டும்போது “வைரமுத்துவின் வரிகள்” என்று போட்டிருக்கிறார். ‘தளபதி’ 1991-இல் வந்த படம். பாடல்கள் வாலி எழுதியவை. இளையராஜாவும் வைரமுத்துவும் சேர்ந்து வேலை செய்வது அதற்குச் சில ஆண்டுகள் முன்பே நின்றுபோனது. இது அடுப்படியில் நிற்கிற எனக்குத் தெரிகிறது, ஐயா. இசைப் பக்கத்தைப் பொறுப்பாகப் பார்க்கிறவருக்குத் தெரிய வேண்டாமா?

கேசட் காலத்தில் உறையின் உள்பக்கம் பொடி எழுத்தில் எல்லாம் இருக்கும்: பாட்டு, பாடியவர், எழுதியவர். சோறு வேகும் நேரத்தில் அதைத்தான் வாசித்துக்கொண்டு நிற்பேன். ஏ பக்கம் எத்தனை பாட்டு, பி பக்கம் எத்தனை பாட்டு என்பதுகூட மனப்பாடம். ‘வசீகரா’வை எழுதியது தாமரை என்று அப்படித்தான் தெரிந்துகொண்டேன், ஒரு பெண் எழுதியது என்று அக்கம்பக்கத்தில் எல்லாரிடமும் சொல்லி மகிழ்ந்தேன். இன்று கைப்பேசியில் பாட்டைத் தட்டினால் நடிகர் படம் பெரிதாக வருகிறது. எழுதியவர் பெயரைத் தேடித் தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறது. அங்கே இல்லாததைத் தமிழ்ப் பத்திரிகையிலாவது பார்க்கலாம் என்றால், இங்கேயும் இசையமைப்பாளர் பெயரும் கதாநாயகன் பெயரும்தான்.

சென்னைக் கவிஞர்களுக்கே இந்த நிலை என்றால் நம் ஊர்க்காரர்களைக் கேட்கவே வேண்டாம். ‘முன்னேறு வாலிபா’வைச் சீனப் பிள்ளைகளும் மலாய்ப் பிள்ளைகளும் பள்ளியில் பாடி வளர்ந்திருக்கிறார்கள், தமிழ் ஓர் எழுத்துத் தெரியாதவர்கள்கூடப் பல்லவியைப் பாடுவார்கள். அதைத் தந்தவர் எஸ். ஜேசுதாசன் என்று நம் வீட்டுப் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? இங்கே இருக்கிற இளையர்கள் சொந்தச் செலவில் தமிழ்ப் பாட்டுப் போடுகிறார்கள். அவற்றை உங்கள் இசைப் பக்கம் கேட்டு, நல்லது கெட்டது எழுதி நான் பார்த்ததாக நினைவில்லை. சென்னையில் ஒரு முன்னோட்டம் வெளியானால் மறுநாளே அரைப்பக்கம் வந்துவிடுகிறது.

நான் கேட்பது பெரிய காரியம் அல்ல. வாலியின் பெயரைப் போட்டு ஒரு திருத்தம் வெளியிடுங்கள். இனிமேல் எந்தப் பாட்டைப் பற்றி எழுதினாலும், எழுதியவர் பெயரையும் பாடியவர் பெயரையும் சேர்த்துப் போடச் சொல்லுங்கள். திருத்தத்தைக் கடைசிப் பக்கத்து மூலையில் போடாமல், தப்பு வந்த அதே ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தில் போட்டால் நல்லது.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
உட்லண்ட்ஸ்